கடலுக்கு முதுகு காட்டி நின்றால் தெரியும் ரிமினி

கோடைக்காலத்தில் ரிமினியை வானிலிருந்து எடுத்த படங்களில் ஊரைத் தேட வேண்டியிருக்கும். கண்ணில் படுவதெல்லாம் குடைகள்தான். இத்தாலியின் கிழக்கே, அட்ரியாட்டிக் கடலோரத்தில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது இந்த ஊரின் மணல்வெளி. அதில் நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாகக் குடைகள். ஒவ்வொரு குடைக்குக் கீழும் சாய்ந்து படுக்கும் கட்டில்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண், ஒரு நிறம். உள்ளூர்க்காரர்கள் சந்திக்கும் இடத்தைச் சொல்வதே இந்த எண்ணை வைத்துத்தான். தாத்தா காலத்தில் வந்த அதே எண்ணுக்குப் பேரன் குடும்பத்தோடு வருவதும் இங்கே சாதாரணம்.

இது தற்செயலாக அமைந்த ஏற்பாடு அல்ல. ரிமினியில் முதல் கடற்குளியல் நிலையம் திறக்கப்பட்டது 1843இல். அப்போது கடலில் குளிப்பது ஒரு வைத்தியம்; மருத்துவர் சொன்னால்தான் வசதி படைத்தவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். 1908இல் கடலோரத்தில் பிரமாண்டமான கிராண்ட் ஹோட்டல் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சம்பளத்தோடு விடுமுறை பெற்ற தொழிலாளர் குடும்பங்கள் ரயிலிலும் சிறு கார்களிலும் வந்து இறங்கத் தொடங்கின. அவர்களுக்காகத் தெருவுக்குத் தெரு சிறிய தங்கும் விடுதிகள் முளைத்தன. பல விடுதிகளில் கணவர் வரவேற்பறையில் இருப்பார், மனைவி சமையலறையில் இருப்பார், பிள்ளைகள் பரிமாறுவார்கள். கட்டணம் குறைவு, சாப்பாடு தாராளம். இந்தக் குடும்ப விடுதிகள்தான் ரிமினியை இத்தாலியின் கோடைத் தலைநகராக்கின.

மணல் யாருக்குச் சொந்தம் என்பது இப்போது இத்தாலியில் பெரிய வழக்கு. சட்டப்படி கடற்கரை அரசின் சொத்து. குடை போட்டுத் தொழில் செய்பவர்கள் அரசிடம் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே. ஆனால் அந்த உரிமங்கள் போட்டி ஏலம் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகப் புதுப்பிக்கப்பட்டு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த சேவைத் துறை விதிகளின்படி இவற்றை வெளிப்படையாக ஏலம் விட வேண்டும். பல ஆண்டு இழுபறிக்குப் பின், இப்போதுள்ள உரிமங்களுக்கு 2027 செப்டம்பர் வரை நீட்டிப்பு தந்திருக்கிறது இத்தாலிய அரசு. குடைக்காரர்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. காசு கொடுக்காமல் மணலில் உட்கார இடம் தேடும் சாதாரண மக்களுக்கு இது உரிமைப் பிரச்சினை. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பயணி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அலை வந்து தொடும் ஓரப் பகுதியில் யார் வேண்டுமானாலும் இலவசமாக நடக்கலாம். எந்தக் குடைக்காரரும் தடுக்க முடியாது.

கடல் ஆழமில்லாதது. வெகுதூரம் நடந்த பிறகும் இடுப்பளவுதான் தண்ணீர். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான கரை அமைவது அரிது. ஆனால் கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ரிமினியில் பாதியைக்கூடப் பார்க்காதவர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி, ரயில் பாதையைத் தாண்டி உள்ளே கால் மணி நேரம் நடந்தால் போதும். ஈராயிரம் ஆண்டுப் பழைய ஊர் ஒன்று எதிரே வரும்.

ரோமானியர்கள் இங்கே குடியேற்றம் அமைத்தது கி.மு. 268இல். ரோமிலிருந்து மலைகளைக் கடந்து வரும் ஃபிளமினியா நெடுஞ்சாலை கி.மு. 220 வாக்கில் இங்கே வந்து முடிந்தது. கி.மு. 187இல் இங்கிருந்து வடமேற்கே எமிலியா நெடுஞ்சாலை புறப்பட்டது. ஒரு சாலை முடியும் இடத்திலும் இன்னொரு சாலை தொடங்கும் இடத்திலும் பேரரசர்கள் அடையாளம் வைக்காமல் விடுவார்களா? தெற்கு வாயிலில் கி.மு. 27இல் அகஸ்டஸுக்காக எழுப்பிய வளைவு இன்றும் நிற்கிறது. கதவு போட்டு அடைக்க முடியாத அகலம் அதற்கு. நாட்டில் போர் ஓய்ந்தது, இனிக் கோட்டைக் கதவுக்குத் தேவையில்லை என்று அறிவித்த அமைப்பு அது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். வளைவின் உச்சியில் இருக்கும் பல்வரிசை போன்ற செங்கல் சுவர் மட்டும் பிற்காலத்தில், இடைக்காலத்தில் சேர்த்தது.

வடக்கே மரெக்கியா ஆற்றின் பழைய தடத்தின் மேல் இருக்கிறது டைபீரியஸ் பாலம். அகஸ்டஸ் காலத்தில், கி.பி. 14இல் தொடங்கி, டைபீரியஸ் காலத்தில், 21இல் முடிந்தது. வெண்கல்லில் ஐந்து வளைவுகள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் ஊரின் பாலங்களைத் தகர்த்தன. இது மட்டும் தப்பியது. அண்மைக் காலம் வரை இதன் மேல் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமே அனுமதி. பாலத்தைக் கடந்தால் சான் ஜூலியானோ என்ற பழைய மீனவர் குப்பம். சின்னச் சின்ன வீடுகளின் சுவர்களில் திரைப்படக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. அவை யாருடைய படங்கள் என்பதற்குப் பிறகு வருவோம்.

வளைவுக்கும் பாலத்துக்கும் நடுவே, ரோமானியர் காலத்துச் சந்தை மைதானம் இருந்த இடத்தில், இன்று மூன்று தியாகிகள் சதுக்கம். கி.மு. 49இல் ரூபிகான் ஓடையைத் தாண்டி உள்நாட்டுப் போரைத் தொடங்கிய ஜூலியஸ் சீசர், முதலில் வந்து நுழைந்த ஊர் இது. அவர் இந்தச் சதுக்கத்தில் நின்று படைகளிடம் பேசினார் என்பது ஊர் வழக்கு. சீசரின் சிலையும் இங்கே இருக்கிறது. ஆனால் சதுக்கத்தின் பெயர் அவரை நினைத்து வைத்ததல்ல. 1944 ஆகஸ்ட்டில் நாஜிகளை எதிர்த்துப் போராடிய மூன்று இளைஞர்கள் இங்கே தூக்கிலிடப்பட்டார்கள். சீசரின் பெயரில் இருந்த சதுக்கம் அவர்களுடையதாயிற்று. ஊர் எடுத்த நல்ல முடிவு அது.

ஃபெர்ராரி சதுக்கத்தில் இருக்கும் அறுவை மருத்துவர் வீடு அவசியம் பார்க்க வேண்டிய இடம். 1989இல் பூங்கா வேலை நடந்தபோது மண்ணுக்கடியில் ஒரு சுவர் தட்டுப்பட்டது. தோண்டிப் பார்த்தால், மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தீப்பிடித்து இடிந்து விழுந்த ஒரு வீடு. தீயும் இடிபாடும் சேர்ந்து அங்கிருந்த பொருள்களை அப்படியே மூடிக் காப்பாற்றியிருந்தன. கத்திகள், இடுக்கிகள், பல் பிடுங்கும் கருவிகள், எலும்பைக் கையாளும் கருவிகள் என்று 150க்கு மேற்பட்டவை கிடைத்தன. மருந்து இடிக்கும் உரல்களும் இருந்தன. ரோமானிய உலகத்தில் ஒரே இடத்தில் இத்தனை மருத்துவக் கருவிகள் கிடைப்பது அபூர்வம். சுவரில் நோயாளி ஒருவர் கீறியதாகக் கருதப்படும் எழுத்துகளிலிருந்து, அந்த மருத்துவரின் பெயர் யூட்டிகஸ் என்றும் அவர் கிரேக்கர் என்றும் கணிக்கிறார்கள். கருவிகளில் பல எலும்பு முறிவுக்கும் காயத்துக்கும் உரியவை என்பதால், அவர் படைவீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவராக இருக்க வேண்டும். 2007 முதல் கண்ணாடிக் கூரையின் கீழ் வீட்டின் தரையைப் பார்க்கலாம்; கருவிகள் அருகே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் கண்முன் வருவார்.

இன்னும் ஓர் இடம், மலத்தெஸ்தா ஆலயம். 15ஆம் நூற்றாண்டில் ரிமினியை ஆண்ட சிகிஸ்மோந்தோ மலத்தெஸ்தா, பழைய பிரான்சிஸ்கன் தேவாலயம் ஒன்றைத் தன் குடும்பத்தின் நினைவு மாளிகையாக மாற்ற நினைத்தார். லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி என்ற மாபெரும் கட்டடக் கலைஞர், பழைய கட்டடத்தைச் சுற்றிப் புதிய பளிங்கு உறை ஒன்றை வரைந்து தந்தார். முகப்புக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது, நாலு தெரு தள்ளியிருந்த அகஸ்டஸ் வளைவைத்தான். போப் இரண்டாம் பயஸுக்கும் சிகிஸ்மோந்தோவுக்கும் ஜென்மப் பகை. உயிரோடு இருக்கும்போதே அவரை நரகத்துக்கு உரியவர் என்று போப் சடங்கு முறைப்படி அறிவித்தார். பணமும் அதிகாரமும் கரைய, வேலை பாதியில் நின்றது. திட்டமிட்ட பெரிய குவிமாடம் எழவேயில்லை. உள்ளே ஓவியர் ஜொத்தோ வரைந்த சிலுவையும், பியெரோ தெல்லா பிரான்செஸ்கா 1451இல் தீட்டிய சுவரோவியமும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களை முதலில் ஈர்க்கப்போவது வேறொன்று. யானை மலத்தெஸ்தா குடும்பத்தின் சின்னம். தூண்களைத் தாங்குவதும் கல்லறைப் பேழையைத் தாங்குவதும் கல் யானைகள்.

சான் ஜூலியானோ சுவர்களில் உள்ள ஓவியங்கள் ஃபெடரிகோ ஃபெல்லினியின் படங்களைச் சேர்ந்தவை. 1920இல் ரிமினியில் பிறந்தவர் அவர். தன் இளமைக்கால ஊரை 1973இல் 'அமர்கோர்த்' படமாக எடுத்தார். அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஆனால் படத்தில் வரும் ரிமினி, ரோமின் சினிசித்தா ஸ்டூடியோவில் போட்ட செட். போரில் குண்டுவீச்சுக்கு இரையாகிப் பெருமளவு அழிந்த ஊரைத் தேடி வருவதைவிட, நினைவில் இருந்ததை மறுபடி கட்டிக்கொள்வதே அவருக்குச் சரியாகப் பட்டிருக்கிறது. சிறுவனாக அவர் படம் பார்த்த ஃபுல்கோர் திரையரங்கு புதுப்பிக்கப்பட்டு இயங்குகிறது. 2021இல் மலத்தெஸ்தா கோட்டையில் அவருக்கான அருங்காட்சியகமும் திறந்தது. ஊர்க் கல்லறையில் மனைவி ஜூலியெத்தா மசீனாவோடு அவர் துயில்கிறார். கப்பலின் முன்முனைபோல் எழும்பி நிற்கும் வெண்கல நினைவுச் சின்னத்தை நுழைவாயிலிலேயே பார்க்கலாம்.

ஊருக்கு இரண்டு நாள். மிச்ச நாள்களில் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பயணங்கள்தான் ரிமினியில் தங்குவதன் பெரிய லாபம்.

முதலில் ரவென்னா. வடக்கே ரயிலில் ஒரு மணி நேரம். இன்று அமைதியான சிறு நகரம், கி.பி. 402இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம். சுற்றிலும் சதுப்பு நிலம், அருகே துறைமுகம், எதிரிகள் எளிதில் நெருங்க முடியாது என்பதால் பேரரசர் இங்கே வந்து ஒதுங்கினார். பேரரசு விழுந்ததும் கோத் இன மன்னர் தியோடரிக், அவருக்குப் பின் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து ஆண்ட ஜஸ்டினியனின் படைகள் என்று அடுத்தடுத்து ஆட்சி மாறியது. மூன்று ஆட்சிகளும் விட்டுச்சென்ற எட்டுக் கட்டடங்களை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அவை வெறும் செங்கல் கட்டடங்கள். அழகெல்லாம் உள்ளேதான். கண்ணாடியையும் கல்லையும் சுண்டுவிரல் நகத்தளவுத் துண்டுகளாக வெட்டி, ஈரச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்து உருவாக்கிய மொசைக் சித்திரங்கள். பொன்னிறத் துண்டுகளில் இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே மெல்லிய தங்கத் தகடு வைத்திருக்கிறார்கள். துண்டுகளை ஒரே மட்டத்தில் பதிக்கவில்லை. ஒன்று சற்று இப்படிச் சாய்ந்திருக்கும், இன்னொன்று சற்று அப்படி. அதனால் ஒளி ஒவ்வொன்றிலும் வேறு கோணத்தில் பட்டுத் தெறிக்கிறது. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் சுவர் முழுவதும் மினுங்கி அசைகிறது. 1,500 ஆண்டுகளாக நிறம் மங்கவில்லை. சாயமல்ல, கண்ணாடிக்குள்ளேயே ஊறிய நிறம் அது.

பேரரசி கல்லா பிளாசிதியாவின் நினைவு மண்டபம் மிகச் சிறியது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகைகள். வெளிச்சம் தேன் நிறத்தில் கசிந்து வரும். கண் பழக ஒரு நிமிடம் ஆகும். பிறகு தலைக்கு மேல் கருநீல வானமும் நூற்றுக்கணக்கான தங்க நட்சத்திரங்களும் தெளியும். கூட்டம் அதிகமான மாதங்களில் உள்ளே சில நிமிடங்களே நிற்க விடுவார்கள். அவசரப்படாமல் கண்ணைப் பழக விடுவது நல்லது.

பக்கத்திலேயே சான் விட்டாலே தேவாலயம், 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. பலிபீடத்தின் ஒரு பக்கச் சுவரில் பேரரசர் ஜஸ்டினியன், பேராயரும் படைவீரர்களும் சூழ நிற்கிறார். எதிர்ச் சுவரில் பேரரசி தியோடோரா, முத்தும் மணியும் தொங்கும் கிரீடத்தோடு தோழியர் நடுவே நிற்கிறார். இருவரும் ரவென்னாவுக்கு வந்ததே இல்லை. வராத அரசனையும் அரசியையும் சுவரில் நிறுத்தி, இனி இது யாருடைய நாடு என்று குடிமக்களுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த அரசியலின் இன்னொரு முகத்தைப் பார்க்க புதிய சாந்தப்பொலினாரே தேவாலயத்துக்குப் போக வேண்டும். தியோடரிக் கட்டிய அரண்மனைக் கோயில் அது. சுவரில் அவருடைய அரண்மனை சித்திரமாக இருந்தது. தூண்களுக்கு நடுவே அவரும் அவருடைய அவையினரும் நின்றிருக்க வேண்டும். 540இல் ஜஸ்டினியனின் பைசாந்தியப் படைகள் ஊரைப் பிடித்த பிறகு அந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டு, அந்த இடங்களில் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் சில தூண்களின் மேல் நீண்டிருந்த கைகளை எடுக்கவில்லை. ஆள் இல்லை, கை மட்டும் தூணில் இருக்கிறது. தேடினால் இன்றும் காணலாம். வரலாற்றை அழிப்பது என்றால் என்ன என்று எத்தனையோ புத்தகங்கள் விளக்கலாம். இந்தச் சுவர் அளவுக்குத் தெளிவாக எதுவும் சொல்லாது. தியோடரிக்கின் கல்லறை மண்டபம் ஊரின் ஓரத்தில் தனியே நிற்கிறது. அதன் கூரை, ஏறத்தாழ 10 மீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் கல். 200 டன்னுக்கு மேல் எடை. கடலுக்கு அக்கரையில் உள்ள இஸ்திரியாவில் வெட்டி, கப்பலில் கொண்டுவந்து மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

ரவென்னாவின் இன்னொரு பெருமை தாந்தே. ஃப்ளோரன்ஸ் நகரம் 1302இல் நாடு கடத்திய அந்த மகாகவிக்கு அடைக்கலம் தந்த ஊர் இது. வெனிஸுக்குத் தூது போய்த் திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டு 1321 செப்டம்பரில் இங்கே இறந்தார். பிற்பாடு ஃப்ளோரன்ஸ் மனம் மாறி உடலைக் கேட்டது. 16ஆம் நூற்றாண்டில் போப்பின் அனுமதியோடு ஆள்கள் வந்தபோது கல்லறை வெறுமையாக இருந்தது. ஊர்த் துறவிகள் எலும்புகளை எடுத்து ஒளித்துவிட்டிருந்தார்கள். ஒளித்த இடமும் மறந்து, 1865இல் ஒரு சுவரில் தற்செயலாகக் கிடைத்தது மரப்பெட்டி. ஃப்ளோரன்ஸில் தாந்தேவுக்குக் கட்டிய பெரிய கல்லறை இன்றும் காலியாகவே இருக்கிறது. ரவென்னாவில் அவர் சமாதிக்குள் எரியும் விளக்குக்கு எண்ணெய் தருவது ஃப்ளோரன்ஸ்தான். ஒவ்வொரு செப்டம்பரிலும் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள்.

ரவென்னாவிலிருந்து திரும்பும் ரயில் செசெனாத்திகோவில் நிற்கும். நேரமிருந்தால் இறங்கிக்கொள்ளலாம். 1502இல் லியோனார்தோ டா வின்சி அளந்து வரைந்த துறைமுகக் கால்வாயில், நிறம் தீட்டிய பாய்களோடு பழைய மீன்பிடிப் படகுகளை அருங்காட்சியகமாக மிதக்க விட்டிருக்கிறார்கள்.

அடுத்தது சான் மரினோ. ரிமினி ரயில் நிலையத்தின் எதிரே பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு நாட்டில் இறங்கலாம். பாஸ்போர்ட் சோதனை கிடையாது. 61 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுமார் 34 ஆயிரம் மக்கள், சுற்றிலும் இத்தாலி. ரிமினியின் மதில்களில் வேலை செய்ய வந்த மரினோ என்ற கல்தச்சர், மதக் கொடுமைக்குத் தப்பி தித்தானோ மலையில் குடியேறி 301இல் இந்தக் குடியரசை நிறுவினார் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டு பேர் சேர்ந்து நாட்டுத் தலைவர்களாக இருப்பார்கள். பதவிக்காலம் ஆறே மாதம். ஏப்ரல் 1ஆம் தேதியும் அக்டோபர் 1ஆம் தேதியும் புதியவர்கள் பொறுப்பேற்பார்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த வழக்கம் தொடர்கிறது. மலையுச்சியில் மூன்று கோபுரங்கள். முதல் கோபுரத்திலிருந்து இரண்டாவதற்குப் போகும் மலைவிளிம்புப் பாதையிலிருந்து ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் அப்பென்னைன் மலைத்தொடரும் தெரியும். பாதைநெடுக வாசனைத் திரவியக் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் நெருக்கியடிக்கும். அவற்றைக் கடந்து மேலே போய்விட வேண்டும்.

இந்த மலைச்சரிவுகளுக்கு இந்தியாவோடு ஓர் உறவு உண்டு; வருகிறவர்களில் பலர் அதை அறியாமலே திரும்புகிறார்கள். 1944 கோடையில் போருக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகள், நடுநிலை நாடான சான் மரினோவுக்குள் புகுந்தார்கள். சொந்த மக்கள்தொகையைப்போல் பல மடங்கு கூட்டத்துக்கு அந்தச் சின்ன நாடு இடம் கொடுத்தது. ரயில் சுரங்கங்களில்கூட மக்கள் படுத்துக் கிடந்தார்கள். செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் உள்ளே வந்து நிலைகொண்டன. அவர்களை விரட்ட மலையேறிச் சண்டையிட்டது இந்திய ராணுவத்தின் 4ஆவது டிவிஷன். செப்டம்பர் 18, 19 தேதிகளில் நடந்த சண்டையில், 9ஆவது கூர்க்கா ரைபிள்ஸ் வீரர் ஷேர் பகதூர் தாப்பா, குண்டுமழைக்கு நடுவே தனியாக ஒரு மேட்டைப் பிடித்து நின்று தோழர்கள் பின்வாங்க வழி செய்தார். காயம்பட்டவர்களை மீட்கப் போய் உயிர்விட்டார். அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. செப்டம்பர் 20இல் சான் மரினோவும் மறுநாள் ரிமினியும் நேசப் படைகளின் வசமாயின.

அதே டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான தமிழர் சுபேதார் சுப்ரமணியன், ஏழு மாதங்களுக்கு முன், 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு மறைவுக்குப் பின் கிடைத்தது. சான் மரினோவுக்குப் போகும் சாலையோரத்தில், ரிமினிக்குச் சில கிலோமீட்டர் வெளியே, கூர்க்கா போர்க் கல்லறை இருக்கிறது. ஷேர் பகதூர் தாப்பாவோடு 600க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் தனி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அனுமதிச் சீட்டு இல்லை, கூட்டம் இல்லை. இந்தியாவிலிருந்து ரிமினி வரை போகிறவர்கள் அரை மணி நேரம் அங்கே செலவிட வேண்டும் என்று கேட்பது நியாயமான வேண்டுகோள்தான்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெற்கே கிராதாரா கோட்டை. ரவென்னா அதிபரின் மகள் பிரான்செஸ்கா, ரிமினியின் மலத்தெஸ்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். கணவனின் தம்பி பாவலோவோடு காதல் கொண்டதால் கணவனே இருவரையும் கொன்றான். தாந்தே தன் காவியத்தின் நரகக் காண்டத்தில் அவர்களை அழியாப் பாத்திரங்களாக்கினார். பிற்காலத்தில் ரவென்னாவில் தாந்தேவை ஆதரித்த அதிபர், அந்தப் பிரான்செஸ்காவின் நெருங்கிய உறவினர். கொலை நடந்தது இந்தக் கோட்டையில்தான் என்பதற்குச் சான்றில்லை. என்றாலும் இரட்டை மதில் சூழ்ந்த ஊரே பார்க்கத் தகுந்தது. உள்நாட்டில் செங்குத்துப் பாறை மேல் சான் லியோ கோட்டை. தன்னை மந்திரவாதி என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பிய அரசவைகளை மயக்கிய காலியோஸ்த்ரோவை 1791இல் இங்கே அடைத்தார்கள். 1795இல் சிறையிலேயே இறந்தார். பேருந்துகள் குறைவு என்பதால் வாடகைக் கார் வசதி. உர்பினோவில் ஓவியர் ரஃபேல் 1483இல் பிறந்த வீடும் கோமகன் அரண்மனையும் உண்டு; ரயில் இல்லை, பேசரோவிலிருந்து பேருந்து. போய்வரவே நாள் சரியாகிவிடும் என்பதால் ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் அது.

ஓய்வான அரைநாளுக்கு ஏற்றது சாந்தார்காஞ்செலோ. பத்தே கிலோமீட்டர். குன்றின் அடியில் குடைந்த நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். ஃபெல்லினியோடு 'அமர்கோர்த்' எழுதிய கவிஞர் தொனினோ குவெர்ரா பிறந்ததும் இறந்ததும் இங்கேதான். பழைய அச்சுக்கூடம் ஒன்றில் மர அச்சுகளால் துணியில் சித்திரம் பதிக்கிறார்கள். இரும்புத் துருவை வினிகரிலும் மாவிலும் குழைத்து எடுக்கும் செந்நிறம் அவர்களுடைய தனி முத்திரை. துணியை மழமழப்பாக்க 17ஆம் நூற்றாண்டின் பெரிய கல் அழுத்துபொறி இன்னும் பயன்படுகிறது.

சாப்பாட்டில் இந்தப் பகுதியின் அடையாளம் பியாதினா. கோதுமை மாவைப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, சூடான கல்லில் சுட்டு, இரண்டாக மடித்து உள்ளே எதையாவது வைத்துத் தருவார்கள். சப்பாத்திக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ரிமினியில் அது மெல்லியதாக, அகலமாக இருக்கும்; வடக்கே போகப் போகத் தடிமன் கூடும். ஓர் எச்சரிக்கை: மரபான முறையில் பன்றிக் கொழுப்பு சேர்த்துத்தான் மாவு பிசைவார்கள். சைவ உணவுக்காரர்களும் பன்றி தவிர்ப்பவர்களும் ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். ஸ்குவாக்குவெரோனே என்ற இளம் பாலாடைக்கட்டியும் ருக்கோலா கீரையும் வைத்தது இறைச்சி தவிர்ப்பவர்களுக்கு நல்ல தேர்வு. மீன் சாப்பிடுபவர்கள் துறைமுகப் பக்கம் போய், அட்ரியாட்டிக் கடலின் நெத்திலி, மத்தி வகைச் சிறுமீன்களைச் சுட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

ஆகஸ்ட்டைத் தவிர்ப்பது நல்லது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலி முழுக்க விடுமுறை. விடுதிக் கட்டணம் ஏறும், மணலில் கால் வைக்க இடமிருக்காது. மே கடைசி, ஜூன் தொடக்கம், செப்டம்பர் ஆகியவை பொருத்தமான மாதங்கள். செப்டம்பரில் தண்ணீரும் கதகதப்பாக இருக்கும். குளிர்காலத்தில் கடலோர விடுதிகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும் என்றாலும் பழைய நகரமும் ரவென்னாவும் எப்போதும் திறந்தே இருக்கின்றன. விமானத்தில் பொலோஞ்ஞாவில் இறங்கினால் ரயிலில் ஒரு மணி நேரம். ஷெங்கன் விசா இருந்தால் போதும். சான் மரினோவுக்குத் தனி விசா எதுவும் தேவையில்லை, எல்லைச் சோதனையும் இல்லை.

ஐந்து இரவுகள் ஒதுக்க முடிந்தால் கடலுக்கும் ஊருக்கும் இரண்டு நாள், ரவென்னாவுக்கு ஒரு நாள், சான் மரினோவுக்கும் கூர்க்கா கல்லறைக்கும் ஒரு நாள், மீதி நாளில் சாந்தார்காஞ்செலோ அல்லது கிராதாரா. கையில் இருப்பது ஒரே ஒரு நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: ரவென்னாவுக்குப் போங்கள்.